வென்றவர் காட்டவேண்டிய கணக்கு

இங்கிலாந்தில் ஓர் உரிமையியல் வழக்கு தீர்ப்போடு முடிந்துவிடுவதில்லை. தோற்றவர் வென்றவரின் வழக்குச் செலவைக் கொடுக்கவேண்டும் என்பது அங்கே பொதுவிதி. எவ்வளவு என்பதில் இருவரும் ஒத்துப்போகாதபோது, செலவுத்தொகை பற்றி மட்டுமே ஒரு தனி வழக்குப்போல் விசாரணை நடக்கிறது. இதற்கென்றே இலண்டனில் ஓர் அலுவலகமும் நடுவர்களும் உண்டு. முன்னாளில் ‘டாக்ஸிங் மாஸ்டர்’ எனப்பட்ட அவர்கள் இன்று செலவு நீதிபதிகள் என்று அழைக்கப்படுகிறார்கள். வென்றவரின் சொலிசிட்டர், தாம் செலவிட்ட நேரத்தை ஆறு நிமிட அலகுகளாகப் பிரித்துப் பட்டியலிட்டுத் தருவார். கொடுக்கவேண்டியவர் அதன் வரிகளுக்கு மறுப்பு எழுதுவார். சட்டக் கல்லூரிகளில் இந்தப் பகுதியை விரும்பிக் கற்பிப்பவரும் குறைவு, கற்பவரும் குறைவு. ஆயினும் கட்சிக்காரர் தம் வழக்குரைஞரிடம் மனந்திறந்து சொன்னது வெளியே போகாது என்ற உறுதி, வேறெங்கும் காணாத நெருக்கடிக்கு உள்ளாகும் இடம் இதுதான்.

பட்டியலில் ஒரு வரி இப்படி இருப்பதாகக் கொள்ளலாம்: ‘கட்சிக்காரருடன் சந்திப்பு, 32 அலகுகள்.’ அதாவது மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். இவ்வளவு எளிய வழக்கில் ஒரு மணிநேரம் போதுமே என்கிறார் தோற்றவர். அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொலிசிட்டர் அன்றே எழுதிவைத்த குறிப்பு அவருடைய வழக்குக் கட்டில் இருக்கிறது. கட்சிக்காரர் முன்பு சொன்ன தேதி ஒன்று, கடிதத்தில் இருந்த தேதி வேறு. அந்த முரண்பாட்டைக் கேட்டுத் தெளிவதற்குத்தான் அத்தனை நேரம் சென்றது என்பதை அது காட்டும். செலவழித்த நேரத்தை நியாயப்படுத்த அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆனால் விசாரணையின்போது எதிர்த்தரப்பு எதைப் பார்க்க ஏங்கியிருக்குமோ, அதே தாள்தான் அது. மேல்முறையீட்டுக் காலம் இன்னும் முடியாமலிருக்கலாம். இதே இருவரிடையே இன்னொரு வழக்கு நிலுவையில் இருக்கலாம். காட்டினால் இரகசியம் போகும். காட்டாவிட்டால் பணம் போகும்.

இங்கே சொல்லாட்சி பற்றி ஒன்று. ஆங்கிலச் சட்டம் ‘பிரிவிலேஜ்’ என்று சொல்வதைத் தமிழில் ‘சிறப்புரிமை’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்ட மாணவர், வழக்குரைஞருக்கு அவருடைய தொழிலின் பெருமை கருதிக் கிடைத்த சலுகை இது என்று எண்ணிவிடுகிறார். உரிமை வழக்குரைஞருடையது அன்று, கட்சிக்காரருடையது. வழக்குரைஞர் அதன் காவலர் மட்டுமே. கட்சிக்காரர் விட்டுக்கொடுத்தால் காவலர் தடுக்கமுடியாது, அவர் விட்டுக்கொடுக்காதபோது காவலர் தாமாகத் திறக்கவும் முடியாது. ஆகவே ‘இரகசியக் காப்பு’ என்பதே இங்கே பொருந்தும். செலவுத் தகராறுகளில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது. அங்கே இரகசியக் காப்பைக் காட்டி மறுப்பவரும் வழக்குரைஞர்தான், ஆராயப்படும் வருமானமும் அவருடையதுதான்.

தோற்றவர் எதைத் தேடி அந்தக் கட்டுக்குள் பார்க்க விரும்புகிறார்? நேரம் மிகைப்படுத்தப்பட்டதா என்பது ஒன்று. அதைவிடக் கூர்மையான ஆயுதம் ஈட்டுறுதி விதி. வென்றவர் தம் சொலிசிட்டருக்கு எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டவரோ, அதற்குமேல் ஒரு காசும் தோற்றவரிடம் பெறமுடியாது என்பதே அது. செலவுத்தொகை தோற்றவருக்கு விதிக்கும் தண்டனையும் அன்று, வென்றவருக்குக் கிடைக்கும் பரிசும் அன்று என்ற விளக்கம் 1860இலேயே அங்கு வந்துவிட்டது. 1910இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த குண்ட்ரி எதிர் செயின்ஸ்பரி வழக்கு இந்த விதியின் கூர்மையை நன்றாகக் காட்டும். நாய் கடித்ததற்கு இழப்பீடு கேட்டு வந்தவர் வழக்கில் வென்றார். ஆனால் தம் சொலிசிட்டருக்குத் தாம் கட்டணம் கொடுக்கவேண்டியதில்லை என்ற ஏற்பாட்டைச் சாட்சிக் கூண்டில் நின்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். கொடுக்கக் கடமை இல்லை, எனவே பெறவும் உரிமை இல்லை. கடித்த நாயின் உடைமையாளருக்கு அந்த ஒப்புதல் பெரிய இலாபம்.

சட்டம் இதோடு நின்றிருந்தால் ஏழைகள் வழக்குத் தொடுப்பதே அரிதாகியிருக்கும். 1921இல் தொழிற்சங்கம் ஒன்று தன் உறுப்பினருக்காகச் சொலிசிட்டரை அமர்த்திய வழக்கில், சங்கமே பணம் கொடுக்கும் என்றாலும் உறுப்பினரின் கடமை நீங்கிவிடாது, அவரிடம் எந்நிலையிலும் கேட்பதில்லை என்ற உடன்பாடு இருந்தாலொழியச் செலவுத்தொகை கிடைக்கும் என்று முடிவாயிற்று. நடைமுறையில் அந்த உறுப்பினரிடம் யாரும் பணம் கேட்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காகிதத்தில் கடமை இருந்தால் போதும். சட்டம் தன்னையே கொஞ்சம் ஏமாற்றிக்கொள்ளும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் நல்ல காரணத்துக்காக. இதன் பக்கவிளைவாக, கட்சிக்காரருக்கும் சொலிசிட்டருக்கும் இடையிலான கட்டண உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பெரும்பொருள் ஆயிற்று. அந்த உடன்படிக்கை இருப்பதும் அதே இரகசியக் கட்டுக்குள்தான்.

முதல் விடை நம்பிக்கை. செலவுப் பட்டியலின் அடியில் சொலிசிட்டர் ஒரு சான்று எழுதிக் கையெழுத்திடுகிறார்: கட்சிக்காரர் கொடுக்கக் கடமைப்பட்டதற்குமேல் இதில் கேட்கப்படவில்லை என்று. 1998இல் பெய்லி எதிர் ஐபிசி வெஹிக்கிள்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கையெழுத்தை நீதிமன்ற அலுவலர் ஒருவரின் உறுதிமொழியாக மதித்தது. கையெழுத்து இருக்கும்போது, உண்மையான ஐயம் எழுந்தாலொழியக் கட்டைத் திறக்கச் சொல்லவேண்டியதில்லை. அந்த நம்பிக்கைக்கு மறுபக்கமும் உண்டு என்பதை நீதிபதி ஹென்றி சேர்த்தே சொன்னார்: பொய்யாகக் கையெழுத்திடுவது மிகக் கடுமையான ஒழுங்குமீறலாகக் கருதப்படவேண்டும். பிற்கால மேற்கோள்களில் முதல் பாதி அடிக்கடி வருகிறது. இரண்டாம் பாதி அவ்வளவு வருவதில்லை.

ஐயம் உண்மையாகவே எழுந்துவிட்டால்? இதற்கான விடையை 1985இல், ஒரு செய்தித்தாள் நிறுவனம் தரப்பாக இருந்த பாம்ப்ளின் வழக்கில், நீதிபதி ஹாப்ஹவுஸ் வகுத்தார். அது இன்றும் அடிப்படையாக இருக்கிறது. கட்டைச் செலவு நடுவரிடம் ஒப்படைப்பதால் மட்டும் இரகசியக் காப்பு அழிவதில்லை. நடுவர் தம் பணிக்காக அதைப் பார்க்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட செய்தி உண்மையாகவே தகராறுக்கு உட்பட்டு, அதற்கு ஒரு குறிப்பிட்ட தாளே விடை என்றால், எதிர்த்தரப்பு பார்க்காத தாளை வைத்துக்கொண்டு நடுவர் முடிவுசெய்வது இயற்கை நீதிக்கு மாறானது. அப்போது பணம் கேட்பவரிடம் தெரிவு ஒன்று வைக்கப்படும். அந்தத் தாளை நம்பியிருப்பதானால் எதிர்த்தரப்புக்கும் காட்டு. காட்ட விருப்பமில்லையென்றால் அதை விட்டுவிட்டு வேறு சான்றால் மெய்ப்பி. வேறு சான்று இல்லையென்றால் அந்த வரியை இழக்கத் தயாராக இரு.

இந்தத் தீர்வின் நேர்மை, சுமை யார்மீது விழுகிறது என்பதில் இருக்கிறது. இரகசியத்தைப் பறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடைக்கவில்லை. கட்டாயப்படுத்தி யாரும் எதையும் திறப்பதில்லை. பணம் வேண்டும் என்று வந்தவரே தம் இரகசியத்துக்கும் அந்தப் பணத்துக்கும் எடை போட்டுக்கொள்ளவேண்டும். மூன்று மணிநேரச் சந்திப்புக்காக ஆயிரம் பவுண்டு கேட்பவர், அந்தக் குறிப்பு வெளிவந்தால் மேல்முறையீட்டில் தமக்கு என்ன ஆகும் என்று எண்ணிப்பார்த்து, ஆயிரத்தை விட்டுவிடலாம். அதில் அநீதி இல்லை. 1988இல் கோல்ட்மன் எதிர் ஹெஸ்பர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு பாதுகாப்பையும் சேர்த்தது. செலவு மதிப்பீட்டுக்காகக் காட்டியது அந்தத் தேவைக்கு மட்டுமே காட்டியதாகும். வேறு வழக்கில் அதே தாளைக் கேட்டால் இரகசியக் காப்பை மீண்டும் எழுப்பலாம். சட்டத்தில் இது சரி. பார்த்த கண்ணைப் பார்க்காததாக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது என்பதும் உண்மை. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அந்தத் தாளை இன்னொரு வழக்கில் தாக்கல் செய்யமாட்டார். ஆனால் எந்தக் கேள்வியை எங்கே கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும்.

நடுவர் மட்டும் தனியே பார்த்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர் உண்டு. எளிதாகத் தோன்றும் வழி அது. 2001இல் டிக்கின்சன் எதிர் ரஷ்மர் வழக்கில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. ஈட்டுறுதி விதி மீறப்படவில்லை என்று காட்டும் தாள்களை நடுவர் பார்த்து நிறைவடைந்தார். கொடுக்கவேண்டியவருக்கு அவை காட்டப்படவில்லை. நீதிபதி ரிமர் இதை நியாயமற்றது என்று கண்டார். நடுவரின் நாணயத்தைப் பற்றிய ஐயம் அன்று அது. ஒரு தரப்பு மட்டும் விளக்கிச் சொல்ல, மறுதரப்பு என்ன விளக்கப்பட்டது என்றே அறியாமல் பணம் கட்டுவது, நடுவர் எவ்வளவு நேர்மையானவராயினும், விசாரணை ஆகாது. இன்று செலவு விதிகளின் நடைமுறைக் குறிப்பு இதையெல்லாம் ஒரு பத்தியில் அடக்கிவைத்திருக்கிறது: ஆவணம் முதலில் நடுவரிடம் வரும், தேவையானால் அவர் தெரிவைக் கேட்பார்.

இந்த நுட்பமான ஏற்பாடு கொஞ்ச காலம் பெருவெள்ளத்தில் சிக்கியது. ‘வென்றால்தான் கட்டணம்’ என்ற உடன்படிக்கைகளின் மிகைக்கட்டணத்தைத் தோற்றவரிடமே பெறலாம் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2000 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. மிகைக்கட்டணம் அடிப்படைக் கட்டணத்தில் நூறு விழுக்காடுவரை போகலாம். கூடவே, அந்த உடன்படிக்கைகள் எப்படி எழுதப்படவேண்டும் என்று விரிவான ஒழுங்குவிதிகளும் வந்தன. கொடுக்கவேண்டிய காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது ஒரு கதவைத் திறந்தது. ஒழுங்குவிதியில் ஒரு சிறு தவறு கண்டுபிடித்தால் உடன்படிக்கை செல்லாது. அது செல்லாவிட்டால் கட்சிக்காரருக்குக் கடமை இல்லை. கடமை இல்லையென்றால் ஈட்டுறுதி விதிப்படி காப்பீட்டு நிறுவனம் ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை. நாய்கடி வழக்கின் தருக்கம் ஆயிரக்கணக்கான விபத்து வழக்குகளின்மேல் பாய்ந்தது. ஒவ்வொரு வழக்கிலும் ‘உடன்படிக்கையைக் காட்டு, நீ விளக்கிச் சொன்ன குறிப்பைக் காட்டு’ என்ற கோரிக்கை எழுந்தது. அங்குள்ள வழக்குரைஞர்கள் இதைச் ‘செலவுப் போர்’ என்றே சொன்னார்கள்.

2003இல் ஹாலின்ஸ் எதிர் ரசல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் எல்லை போட்டது. மிகைக்கட்டணம் கேட்பவர் பொதுவாக உடன்படிக்கையைக் காட்டவேண்டும், அல்லது வேறு வழியில் மெய்ப்பிக்கவேண்டும். ஆனால் சந்திப்புக் குறிப்புகளையும் அப்படியே கேட்டுவிடமுடியாது. கட்சிக்காரரின் பாதுகாப்பையோ நீதி நிருவாகத்தையோ உண்மையில் பாதிக்காத தவறுக்காக உடன்படிக்கை விழுந்துவிடவும் செய்யாது. உடன்படிக்கை என்பது பணம் பற்றிய தாள், குறிப்பு என்பது மனம் பற்றிய தாள் என்று பிரித்துக்கொண்டால் இந்த எல்லையின் பொருத்தம் விளங்கும். 2005 நவம்பரில் அந்த ஒழுங்குவிதிகளே நீக்கப்பட்டன. 2013 ஏப்ரலுக்குப் பின் எழுதப்படும் உடன்படிக்கைகளின் மிகைக்கட்டணத்தைப் பொதுவாகத் தோற்றவரிடம் கேட்கவும் இயலாமற்போயிற்று.

போர் ஓய்ந்தது என்று சொல்வதற்கில்லை, களம் மாறியது. மிகைக்கட்டணம் இப்போது கட்சிக்காரரின் சொந்த இழப்பீட்டிலிருந்து கழிக்கப்படுகிறது; உடற்காய வழக்குகளில் அதற்கு 25 விழுக்காடு உச்சவரம்பு. எனவே காயம்பட்டவர் வழக்கை வென்றபின் தம் சொலிசிட்டரையே கேள்வி கேட்கத் தொடங்கினார். 1974ஆம் ஆண்டுச் சொலிசிட்டர்கள் சட்டம் அதற்கு வழி தருகிறது. பில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கேட்டால் மதிப்பீடு உரிமையாகவே கிடைக்கும். காலம் செல்லச்செல்ல வாயில் குறுகும். பில்லில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குமேலோ குறைக்கப்பட்டால் மதிப்பீட்டுச் செலவையும் பொதுவாகச் சொலிசிட்டரே ஏற்கவேண்டும்.

இந்தக் களத்தில் இரகசியம் ஒரு தடையே அன்று. பேசியவரும் கேட்டவரும்தான் இருதரப்பும். அவர்களுக்குள் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் வேறொரு சுவர் எழுந்தது. தம் பில்லைக் கேள்வி கேட்கவேண்டுமா என்று தெரிந்துகொள்ளவே முன்னாள் கட்சிக்காரருக்குத் தாள்கள் வேண்டும். 2018இல் ஹான்லி வழக்கில் நீதிபதி சூல் சொன்ன விடை கடுமையானது. கட்சிக்காரருக்குச் சொந்தமான ஆவணங்களைத்தான் அச்சட்டத்தின் 68ஆம் பிரிவின்கீழ்க் கேட்கமுடியும். சொலிசிட்டர் தம் தேவைக்காக வைத்துக்கொண்ட, அவருக்கே சொந்தமான தாள்களின் நகலைத் தரும்படி ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆக, அந்தக் குறிப்பில் அடங்கிய இரகசியம் கட்சிக்காரருக்குச் சொந்தம், அது எழுதப்பட்ட தாள் சொலிசிட்டருக்குச் சொந்தம். கட்சிக்காரர் அதை உலகத்திடமிருந்து மறைக்கலாம், தாமே படிக்கமுடியாது. இந்த முடிவு சொத்துச் சட்டத்தின்படி பிழையற்றதாக இருக்கலாம். கட்சிக்காரர் கண்ணிலிருந்து பார்த்தால் அதற்கு ஒரு நியாயமும் தென்படாது.

இந்தியாவில் இந்தக் கிளைக்கு ஒரு தெளிவான விடை உண்டு. இங்கிலாந்தைவிடக் கட்சிக்காரருக்கு இணக்கமான விடை. மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்று 1993இல் தன் சட்ட ஆலோசகரை மாற்ற முடிவுசெய்து வழக்குக் கட்டுகளைத் திருப்பிக் கேட்டது. கட்டணப் பாக்கி 97,100 ரூபாயைத் தந்தால்தான் கட்டுகள் வரும் என்றார் வழக்குரைஞர். இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் ஒழுங்குக் குழு அவரைப் பதினெட்டு மாதம் தொழில்செய்யத் தடைவிதித்து, 1,000 ரூபாய் அபராதமும் போட்டது. ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா என்ற பெயரில் 2000இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு தண்டனையைக் கண்டிப்பாகக் குறைத்தது. கொள்கையை மட்டும் அசையாமல் நிறுத்தியது. வழக்குக் கட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு சொல்லும் ‘சரக்கு’ அன்று. அதைப் பிணையாகப் பிடித்துவைக்க வழக்குரைஞருக்கு உரிமை இல்லை. கட்டணம் வேண்டுமானால் வழக்குத் தொடுத்துப் பெறலாம். இங்கிலாந்தில் சொலிசிட்டர் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை இன்றும் இருப்பதை நினைத்தால், இது சிறிய வேறுபாடு அன்று. வழக்குரைஞரை மாற்றும் உரிமை கட்டு கையில் இல்லாதபோது வெற்றுரிமை என்பதைத் தீர்ப்பெழுதிய நீதிபதி தாமஸ் நன்கு உணர்ந்திருந்தார்.

வழக்குத் தொடுத்துப் பெறலாம் என்றது சரி. அப்படித் தொடுக்கும் வழக்குரைஞர் தாம் செய்த வேலையை எப்படி மெய்ப்பிப்பார்? அமெரிக்க வழக்குரைஞர் ஒழுக்க விதிகளில் இதற்கென்றே விலக்கு இருக்கிறது. கட்டணத்தை நிறுவத் தேவையான அளவுக்கு இரகசியத்தை வெளியிடலாம். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவும், இன்று அதன் இடத்தில் உள்ள 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132ஆம் பிரிவும் அப்படி ஒரு விலக்கைச் சொல்லவில்லை. சட்டவிரோத நோக்கம், பணிக்காலத்தில் கண்ணுற்ற குற்றம் அல்லது மோசடி ஆகியவையே அங்குள்ள விலக்குகள். வழக்குரைஞரின் பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை.

வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான பழைய கேள்விக்கு வந்தால், இந்தியாவில் அது எழாமலே போனதற்குக் காரணம் இரகசியத்தின்மேலுள்ள மதிப்பு அன்று. செலவுத்தொகை அவ்வளவு சிறியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35அ பிரிவு, வேண்டுமென்றே பொய்வழக்குத் தொடுத்தவர்மேல் விதிக்கும் ஈட்டுச் செலவுக்கு இட்ட உச்சவரம்பு 3,000 ரூபாய். வழக்குரைஞர் கட்டணத்தையும் விதிகளில் உள்ள அட்டவணையே முடிவுசெய்கிறது. உண்மையில் என்ன கொடுத்தீர் என்று யாரும் கேட்பதில்லை. உண்மையான, நியாயமான செலவைத் தரவேண்டும் என்று 2005இல் சேலம் வழக்குரைஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, வழக்குரைஞர் கட்டணமாகச் செலவான 45,28,000 ரூபாயையும் தோற்றவர் தரவேண்டும் என்றது. 2011இல் சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது: உண்மையான செலவு தரவேண்டும் என்பது விதிகள் அனுமதிக்கும் எல்லைக்குள்தான், விதிகளைத் திருத்தாமல் அதைச் செய்யமுடியாது. அந்தத் தொகை எதற்கெதற்கு, எந்த நாளில், எந்தத் தாளின்படி என்ற கேள்விகளுக்கு இடமே ஏற்படவில்லை. விதி என்ற தாழ்ப்பாள் முன்னாலேயே விழுந்துவிட்டது.

2015இல் அந்தத் தாழ்ப்பாள் வணிக வழக்குகளுக்குமட்டும் திறக்கப்பட்டது. வணிக நீதிமன்றங்கள் சட்டம் 35ஆம் பிரிவை அவ்வகை வழக்குகளுக்காக மாற்றியெழுதி, தோற்றவர் கொடுப்பார் என்ற பொதுவிதியையும், நியாயமான சட்டக் கட்டணமும் அதில் அடங்கும் என்ற விளக்கத்தையும் சேர்த்தது. தொகை பெரிதானால் அதைக் கேள்வி கேட்பவரும் வருவார். பாம்ப்ளின் வழக்கின் தெரிவுமுறையை இங்கே இறக்குமதி செய்யவேண்டுமா என்றால், அதற்குத் தேவை இல்லை என்றே சொல்லலாம். அதன் விதை சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய 129ஆம் பிரிவு, புதிய எண் 134, சொல்வதன் சாரம் இது: தம் சட்ட ஆலோசகருடன் பேசியதை வெளியிடும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தமுடியாது, ஆனால் அவரே தம்மைச் சாட்சியாக முன்வைத்தால், அவர் கொடுத்த சாட்சியத்தை விளக்க எது தேவையோ அதை மட்டும் கேட்கலாம், அதற்குமேல் கேட்கமுடியாது. பணம் கேட்டு வருபவரே தெரிவு செய்கிறார் என்பதும், திறப்பது தேவையான அளவுக்கே என்பதும், ஹாப்ஹவுசுக்கு நூற்றுக்குமேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டீஃபன் எழுதிய அந்த வரைவில் இருக்கின்றன.

எதிர்வாதம் உண்டு. செலவு விவரம் உறுதிமொழி ஆவணமாகத்தான் தாக்கலாகும்; நீதிமன்றத்தில் அளிக்கப்படும் உறுதிமொழி ஆவணங்களுக்குச் சாட்சியச் சட்டம் பொருந்தாது என்று அதன் முதற்பிரிவே கூறுகிறது. கூர்மையான மறுப்புத்தான். ஆனால் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் கட்டளைப்படி, உறுதிமொழி அளித்தவரைக் குறுக்கு விசாரணைக்கு வரச்சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அவர் கூண்டில் ஏறியதும் உறுதிமொழித் தாள் பின்தங்கிவிடும். சாட்சியச் சட்டம் தன் இடத்துக்கு வந்துவிடும். எந்த வரிக்காகக் கூண்டில் ஏறுவது, எந்த வரியை விட்டுவிடுவது என்று பணம் கேட்பவர் முன்கூட்டியே எண்ணிக்கொள்ளவேண்டியிருக்கும்.

உண்மையில் பெருந்தொகைகள் இன்று நீதிமன்றத்தில் கேட்கப்படுவதைவிட இசைவுத் தீர்ப்பாயங்களில்தான் மிகுதியாகக் கேட்கப்படுகின்றன. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இசைவுத் தீர்ப்புச் சட்டத்தில் 31அ பிரிவைச் சேர்த்து, அங்கேயும் தோற்றவர் கொடுப்பார் என்ற விதியைக் கொண்டுவந்தது. சாட்சியச் சட்டம் அந்தத் தீர்ப்பாயங்களைக் கட்டுப்படுத்தாது. எனவே 134ஆம் பிரிவின் உதவி அங்கே இல்லை. பன்னாட்டு வழக்குகளில் பழகிப்போன வழி ஒன்று உண்டு: வழக்குரைஞரின் பில்லில் ‘இன்ன பொருள் பற்றி ஆலோசனை’ என்ற விவரங்களையெல்லாம் கருப்பு மையிட்டு மறைத்து, தேதி, மணி, தொகை ஆகியவற்றைமட்டும் காட்டுவது. மறைத்த வரிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை எதிர்த்தரப்புக்கு இருக்கிறது. ஆனால் அதன் பில்லும் அதேபோல் கருப்பு மையிட்டே வருகிறது. இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, மிக வேறுபடாவிட்டால் நியாயமானவை என்று கொள்வது அங்கே பொதுவான முறை. மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் எதற்குச் சென்றது என்ற கேள்வியை அங்கே எந்தத் தரப்பும் விரும்பிக் கேட்பதில்லை.